குடலைச் சுருட்டி வைத்தது யாருங்க?

வணக்கமுங்க. கோவை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பல்லடம் பக்கமோ நாமக்கல் பக்கமோ இருக்கிறவர்களுக்குக் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் புதிதல்ல. செட்டர் அறை என்று சொல்வார்களே, முட்டைகளை முதல் 18 நாள் வைத்திருக்கும் பெரிய இன்குபேட்டர் அறை, அங்கே மணிக்கொரு தடவை தட்டுகள் எல்லாம் ஒருசேரச் சாயும். இப்போது இந்தப் பக்கம் 45 டிகிரி. அடுத்த மணிக்கு அந்தப் பக்கம் 45 டிகிரி. ராத்திரி பகல் கிடையாது, ஒரு நாளைக்கு 24 தடவை. 37.5 டிகிரி சூடும் ஈரப்பதமும் சரியாக இருந்தால் போதாதா, எதற்கு இந்தத் திருப்பல்? மெஷினை விடுங்கள். வீட்டில் அடை வைத்த நாட்டுக்கோழியைப் பாருங்கள். அலகால் முட்டையை உருட்டி உருட்டி விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

திருப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று பொரிப்பகத்தில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். கரு மேலே மிதந்து வந்து ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடுவதற்காகக் கருவைச் சுற்றி வளர வேண்டிய ரத்தக்குழாய் சவ்வு சரியாகப் படராது. முதல் வாரத்தில் திருப்பாமல் விட்ட தவற்றை மூன்றாம் வாரத்தில் திருப்பிச் சரிக்கட்ட முடியாது. வீட்டில் சின்ன இன்குபேட்டர் வைத்திருக்கிறவர்கள் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று முறையோ ஐந்து முறையோ திருப்புங்கள். ஒற்றைப்படை எதற்கு என்றால், ராத்திரி நீண்ட நேரம் ஒரே பக்கமாகப் படுத்திருப்பது தினம் தினம் மாற வேண்டும், அதற்காகத்தான்.

இதில் சூடு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, காற்று இருக்கிறது. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. முட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எது எதன்மேல் அழுந்துகிறது, எது எதோடு ஒட்டி எதை இழுக்கிறது என்பது. இழுவை, அழுத்தம், எடை. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். கருவுக்கு உருவம் கொடுப்பதில் இந்த இழுவைக்கு எவ்வளவு பங்கு?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடையில் வாங்குகிற வெள்ளை முட்டையில் குஞ்சு வராது. முட்டைக்கோழிப் பண்ணையில் சேவலே கிடையாது. நான் சொல்வது சேவலோடு சேர்ந்த கோழி இட்ட முட்டை. அதை உடைத்தால் மஞ்சள் கருவின் மேல் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டு தெரியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதுதான் குஞ்சு. முட்டை கீழே விழும்போதே அதில் 40,000 முதல் 60,000 செல்கள் வரை இருக்கும். ஆனால் தலை இல்லை, கால் இல்லை, இதயம் இல்லை, குடல் இல்லை. தட்டையான ஒரு வட்டம், அவ்வளவுதான். வார்த்த தோசை மாதிரி. அந்தத் தோசை 21 நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து 'கீச்' என்கிறது.

எப்படி என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்: "எல்லாம் ஜீனுங்க." தப்பில்லை. ஆனால் அது பாதி பதில். ஜீன் என்பது ஒரு புரதத்தை எப்படிக் கோர்ப்பது என்கிற குறிப்பு. எப்போது, எவ்வளவு செய்வது என்பதும் அதோடு சேர்ந்து வரும். குடல் இத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்றோ, கண் இத்தனை உருண்டையாக வேண்டும் என்றோ அதில் எங்கேயும் படம் வரைந்து வைக்கவில்லை. ஜீன் எதையும் மடிக்காது, எதையும் வளைக்காது. மடிக்கவும் வளைக்கவும் யாராவது இழுக்க வேண்டும், யாராவது தள்ள வேண்டும். அதைச் செய்வது செல்கள். பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் சவ்வைப் பிடித்துக்கொண்டு இழுக்கின்றன.

இந்த இழுவையும் எடையும் முட்டை வெளியே வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கோழியின் வயிற்றுக்குள் ஓடு பிடிக்கும் பையில் முட்டை சுமார் 20 மணிநேரம் கிடக்கிறது. அந்த நேரம் முழுக்க அது தன் நீள அச்சில் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். வெள்ளைக்கரு சுழலும்போது உள்ளே மஞ்சள் கருவும் கொஞ்சம் இழுபடும். கனமான பக்கம் கீழே போகப் பார்க்கும், லேசான பக்கம் மேலே வரப் பார்க்கும். இந்த இழுபறியில் கருவட்டம் நேராக மேலே நிற்காமல் சாய்ந்து நிற்கும். சாய்ந்த வட்டத்தில் மேல்விளிம்பு எதுவோ அதுதான் பிறகு வால் பக்கம் ஆகிறது. குஞ்சுக்குத் தலை எது வால் எது என்பதைப் பூமியின் ஈர்ப்பு தீர்மானிக்கிறது. இது 1971-இல் சோதனை செய்து காட்டப்பட்ட விஷயம். ஓடு பிடிக்கும் முன்பே முட்டையை எடுத்து, வேண்டிய பக்கம் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். சாய்த்ததற்கு ஏற்றபடி வால் அமைந்தது.

இதற்கு ஒரு பழைய கைக்கணக்கு இருக்கிறது. முட்டையைப் படுக்கையாகப் பிடித்து, அகலமான முனை உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். உள்ளே இருக்கும் கரு பெரும்பாலும் குறுக்காகப் படுத்திருக்கும். வால் உங்கள் பக்கம், தலை எதிர்ப்பக்கம். எல்லா முட்டையிலும் இல்லை, பெரும்பாலான முட்டைகளில். கருவியல் படிக்கிறவர்கள் இதை ஃபான் பேயர் விதி என்பார்கள்.

சரி, இப்போது முட்டை இன்குபேட்டருக்குள் போய்விட்டது. முதல் நாள் தாண்டும்போது என்ன நடக்கிறது?

தோசையின் நடுவில் நீளமாக ஒரு பட்டை தடித்து எழுகிறது. அதன் இரண்டு ஓரமும் மேலே தூக்கி, உள்பக்கம் வளைந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டி, ஒரு குழாய் ஆகிறது. அந்தக் குழாய்தான் மூளை, அதுதான் தண்டுவடம். தட்டையான ஒன்று குழாயாக வேண்டுமானால் வளைய வேண்டும். அதை யார் வளைக்கிறார்?

நம்ம ஆத்தாமார் இடுப்பில் சொருகி வைத்திருக்கிற சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை பாக்கு, சில்லறை எல்லாம் உள்ளே. வாயில் ஒரு கயிறு ஓடும். கயிற்றை இழுத்தால் வாய் குறுகும், அடிப்பகுதி அப்படியே இருக்கும். அந்தப் பட்டையில் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றுக்கும் மேல்முனையில் இப்படி ஒரு சுருக்குக்கயிறு உண்டு. ஆக்டின் என்கிற இழை, அதை இழுக்கும் மயோசின் என்கிற புரதம். நம் கையிலும் காலிலும் தசையைச் சுருக்குவது இதே ஜோடிதான். செல் தன் மேல்வாயைச் சுருக்கியதும் என்ன ஆகும்? நேராக நின்ற தூண், மேலே குறுகி கீழே அகன்று ஆப்பு வடிவமாகிறது. செங்கலை நேராக அடுக்கினால் சுவர் நேராக நிற்கும். ஆப்பு மாதிரி வெட்டிய செங்கலை அடுக்கினால் வளைவு வரும், வாசல் நிலைக்கு மேலே கட்டுவார்களே, அந்த மாதிரி. ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வாயைச் சுருக்கும்போது பட்டை தானாக வளைகிறது.

வளைந்தால் மட்டும் போதாது, பட்டை அகலம் குறைந்து நீளமாகவும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஓரமும் எட்டாது. பண்ணாரியில் குண்டம் இறங்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் பத்துப் பேர் அகலத்துக்கு நின்ற கூட்டம், இடையில் இடையில் ஆள் புகுந்து புகுந்து ஒற்றை வரிசையாகும்போது வரிசை மைல் கணக்கில் நீளும். ஆள் கூடவில்லை, இடம் மாறினார்கள், அவ்வளவுதான். செல்களும் இப்படித்தான் பக்கவாட்டில் ஒன்றன் இடைவெளியில் ஒன்று நுழைகின்றன. அகலம் குறைகிறது, நீளம் கூடுகிறது. எந்தத் திசையில் நுழைவது என்று செல்லுக்குச் சொல்கிற ஜீன் கெட்டுப்போன எலிகளில் இந்த வரிசை அமைவதே இல்லை. ஓரங்கள் தள்ளித் தள்ளி நின்றுவிடுகின்றன, முதுகு நெடுகத் திறந்தே கிடக்கிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மனிதக் கருவிலும் இதே வேலைதான் நடக்கிறது. கருத்தரித்து ஏறத்தாழ 28-ஆம் நாளுக்குள் இந்தக் குழாய் மூடி முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது தெரிவதே கருத்தரித்து இரண்டு வாரம் கழித்து. "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று இருந்து, மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டுப் பதிந்து, மாத்திரை வாங்கி வரும்போது பெரும்பாலும் குழாய் மூடி முடிந்திருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும். அதனால்தான் இந்தக் குழாய் சரியாக மூட உதவுகிற ஃபோலிக் அமிலம், ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே சாப்பிட வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே குழாய் மூடாத குழந்தை ஒன்று பிறந்த தாய்மார்களுக்கு அளவு அதிகம், 4 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது. மறுபடி அதே குறை வருவது 72 விழுக்காடு குறைந்தது. அந்தப் பெரிய அளவை டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கல்யாணம் ஆன பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை மட்டுமாவது காதில் போட்டு வையுங்கள். முன்பிருந்தே. முன்பிருந்தே.

பொரிப்பகக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி. குஞ்சு பொரித்து முடிந்தபின் மிச்சம் கிடக்கும் முட்டைகளை உடைத்துப் பார்க்கும்போது, மண்டை மூடாமல் மூளை வெளியே தெரிகிற கரு அடிக்கடி கிடைத்தால், முதல் மூன்று நாளில் செட்டரில் சூடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மண்டை மூட வேண்டிய நாள் அதுதான்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1874-இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் ஹிஸ் என்று ஒரு உடற்கூறு பேராசிரியர். கோழிக்கருவை மெல்லிய சீவல் சீவலாக வெட்டி அடுக்கிப் பார்த்தவர். அவர் சொன்னார்: கரு என்பது வளைந்து கொடுக்கிற ஒரு தகடு. அதில் ஒரு இடம் வேகமாக வளர்கிறது, ஒரு இடம் மெதுவாக வளர்கிறது. இரண்டும் ஒட்டியிருப்பதால் தகடு மடிந்தே தீர வேண்டும். இதைக் காட்டுவதற்கு ரப்பர் குழாயை எடுத்து வளைத்து, பார், மூளைக்குழாய் வளைகிற மாதிரியே இது வளைகிறது என்றார். அந்தக் காலத்தில் பெரிய பெயரோடு இருந்த எர்ன்ஸ்ட் ஹேக்கல் இதைப் படித்துவிட்டுக் கிண்டல் பண்ணினார். இயற்கையை ஒரு கெட்டிக்காரத் தையல்காரர் ஆக்கிவிட்டாராம் ஹிஸ். வெட்டி, மடித்து, இழுத்துத் தைத்து உயிர்களை உண்டாக்குகிறதாம் இயற்கை. கருவின் வடிவத்துக்குக் காரணம் அதன் முன்னோர் வரலாறு, ரப்பர் குழாய் அல்ல என்பது ஹேக்கலின் கட்சி.

ஹேக்கல் திருப்பூருக்கு வந்திருந்தால் தையல்காரரை இவ்வளவு லேசாகப் பேசியிருக்க மாட்டார்.

குழந்தைகள் ஜட்டிக்கோ பாவாடைக்கோ எலாஸ்டிக் வைக்கிறதைக் கவனித்திருக்கிறீர்களா? எலாஸ்டிக்கின் நீளம் துணியைவிடக் குறைவு. அதை இழுத்துப் பிடித்து, துணியின் நீளத்துக்குச் சமமாக்கி, அந்த நிலையிலேயே தைத்துக்கொண்டு போவார்கள். தைத்து முடித்துக் கையை விட்டதும் எலாஸ்டிக் சுருங்கும். துணி சுருங்காது, அதனால் அலை அலையாக மடிப்பு விழும். அந்த மடிப்பை யாரும் விரலால் ஒவ்வொன்றாக மடிக்கவில்லை. எத்தனை மடிப்பு என்று யாரும் எண்ணவும் இல்லை. ஆனால் அதே துணி, அதே எலாஸ்டிக், அதே இழுப்பு என்றால் அடுத்த உருப்படியிலும் கிட்டத்தட்ட அதே அளவு மடிப்புதான் வரும். துணி தடிப்பாக இருந்தால் மடிப்பு பெரிதாக, எண்ணிக்கை குறைவாக வரும். மெல்லிய துணி என்றால் பொடிப்பொடியாக நிறைய வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கறிக்கடைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை குடல் வாங்கி வந்து சுத்தம் பண்ணுகிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஆட்டுக்குடல் வயிற்றிலிருந்து எடுக்கும்போது கொத்தாக, சுருள் சுருளாக இருக்கும். அதன் ஒரு ஓரம் நெடுகக் கொழுப்போடு கூடிய ஒரு மெல்லிய சவ்வு பிடித்திருக்கும். விசிறி மாதிரி. அந்தச் சவ்வை உருவி எடுத்துவிட்டால்? குடல் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் மாதிரி நேராக நீண்டுவிடும். சுருட்டி வைத்திருந்தது அந்தச் சவ்வு.

2011-இல் அமெரிக்காவில் ஹார்வர்டில் இதையே கோழிக்கருவில் செய்து பார்த்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் மகாதேவன், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். எட்டாம் நாளிலிருந்து 16-ஆம் நாள் வரைக்குள் கோழிக்கருவின் குடல் நேர்க்குழாயாக இருந்து சுருள் சுருளாக மாறுகிறது. முதல் சோதனை, கறிக்கடைச் சோதனைதான்: குடலைச் சவ்விலிருந்து வெட்டிப் பிரித்தார்கள். குடல் நீண்டு நிமிர்ந்தது, சவ்வு சுருங்கிக்கொண்டது. அப்படியென்றால் வயிற்றில் இடம் போதாமல் குடல் சுருண்டுகொண்டது என்று பலரும் நினைத்திருந்தது சரியில்லை. குடல் வேகமாக நீளப் பார்க்கிறது, சவ்வு மெதுவாக வளர்கிறது, இரண்டும் ஓரம் நெடுகத் தைத்த மாதிரி ஒட்டியிருக்கின்றன. நீளமான துணி குடல், குட்டையான எலாஸ்டிக் சவ்வு.

அடுத்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெல்லிய ரப்பர் தாளை இழுத்துப் பிடித்து, அதன் ஓரத்தில் ஒரு ரப்பர் குழாயை வைத்து, ஊசி நூலால் தைத்தார்கள். நிஜமாகவே தையல். இழுப்பை விட்டதும் ரப்பர் குழாய் அப்படியே குடல் மாதிரி சுருண்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது குடல் எது ரப்பர் என்று யோசிக்க வைக்கும். 1874-இல் ரப்பர் குழாயை வளைத்தவருக்கு 137 வருடம் கழித்து இன்னொரு ரப்பர் குழாய் சாட்சி சொன்னது.

அதோடு விடவில்லை. குடல் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு விறைப்பு, சவ்வு எவ்வளவு தடிப்பு, எவ்வளவு விறைப்பு, இரண்டின் வளர்ச்சியிலும் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்தார்கள். அந்த எண்களை மட்டும் வைத்து ஒரு சுருளின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை சுருள் வர வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கோழிக்குச் சரியாக வந்தது. காடைக்குச் சரியாக வந்தது. ஃபின்ச் என்கிற சின்னக் குருவிக்கும், எலிக்கும் சரியாக வந்தது. நாலு உயிருக்கும் ஒரே சூத்திரம், எண்கள்தான் வேறு.

அப்படியானால் ஜீனுக்கு வேலை இல்லையா? இருக்கிறது. ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், துணிக்கு அடியில் முன்பல், பின்பல் என்று இரண்டு பல் இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் தள்ளினால் தையல் சமமாக வரும். முன்பல் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் துணி சுருக்கு விழும். அந்த வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. டிஃபரென்ஷியல் ஃபீட் என்பார்கள். ஜீன் அந்தத் திருகு. 2017-இல் இதையும் காட்டினார்கள். பி.எம்.பி. என்று ஒரு சமிக்ஞைப் புரதம் சவ்வின் வளர்ச்சியைத் தடுத்துப் பிடிக்கிறது. அதைக் கூட்டினால் சவ்வு இன்னும் குட்டையாகும், சுருள் நெருக்கமாக அதிகம் விழும். குறைத்தால் சுருள் குறையும். சுருளுக்கென்று ஒரு ஜீன் இல்லை. எது எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதற்குத்தான் ஜீன். மற்றதை இழுவை பார்த்துக்கொள்கிறது.

குடலின் உள்பக்கமும் இதே கதைதான். சுத்தம் செய்த குடலைத் திருப்பிப் பார்த்தால் டவல் மாதிரி பொசுபொசுவென்று இருக்குமே, அந்த விரல் விரலான நீட்சிகள். உணவுச் சத்தை உறிஞ்சுவது அவைதான். கோழிக்கருவில் எட்டாம் நாள் குடலைச் சுற்றி வளையமாக ஒரு தசை அடுக்கு உண்டாகிறது. உள்ளடுக்கு பெருகப் பார்க்கிறது, வளையம் விடவில்லை, அதனால் நீளவாக்கில் மடிப்பு விழுகிறது. 13-ஆம் நாள் நீளவாக்குத் தசை ஒன்று வந்து நீளத்தையும் கட்டிப்போடுகிறது, நேர்மடிப்பு நெளிநெளியாகிறது. 16-ஆம் நாள் இன்னொரு நீளத்தசை. நெளிகள் உடைந்து மேடு மேடாக எழுகின்றன. மேடுகள் விரல்களாகின்றன. தசை அடுக்கைப் பிரித்து எடுத்தால் மடிப்பு நிமிர்ந்துவிடும். தசைக்குப் பதிலாகப் பட்டு நூலில் செய்த குழாய்க்குள் குடலை வைத்து வளர்த்தால் மடிப்பு திரும்ப வரும். பட்டு நூலுக்கு ஜீன் எதுவும் தெரியாது. இறுக்கிப் பிடிக்க மட்டும்தான் தெரியும். அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கையும் இதோடு. மனிதக் கருவில் குடல் ஆறாவது வாரம் வாக்கில் தொப்புள்கொடிக்குள் வெளியே போய் வளர்ந்து, பத்தாவது வாரம் வாக்கில் உள்ளே திரும்புகிறது. இதற்குள் அது 270 டிகிரி சுற்றி, தன் இடத்தில் உட்கார்ந்து, சவ்வு அகலமாகப் பின்சுவரில் ஒட்ட வேண்டும். சரியாகச் சுற்றாவிட்டால் சவ்வின் பிடிமானம் குறுகலாகிவிடும். பிறந்த பிறகு குடல் முறுக்கிக்கொள்ளும், ரத்த ஓட்டம் நிற்கும். பச்சைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் "பால் செரிக்கலைங்க" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த மணிநேரத்திலேயே குழந்தைகள் அறுவைச் சிகிச்சை இருக்கிற மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோழியிலும் குடல் கடைசி நாட்களில்தான் மஞ்சள் கரு இருக்கும் பையோடு சேர்ந்து உள்ளே போகிறது. ஹேச்சரில், அதாவது கடைசி மூன்று நாள் முட்டையை வைக்கும் பொரிப்பு அறையில், சூடு அதிகமானால் குஞ்சு அவசரப்பட்டுப் பொரிக்கும், தொப்புள் சரியாக மூடாது, அதன் வழியாகத் தொற்று ஏறும்.

இழுவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து ஊதுகிற அழுத்தமும் ஒரு வேலைக்காரன்.

1956-இல் கூலம்பர் என்கிற ஆய்வாளர் கோழிக்கருவின் கண்ணில் முடி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சொருகி வைத்தார். கண்ணுக்குள் ஊறும் திரவம் தேங்காமல் வழிந்துகொண்டே இருந்தது. என்ன ஆயிற்று? கண் பெரிதாகவில்லை. ஆனால் உள்ளே விழித்திரை மட்டும் ஏறத்தாழ வழக்கம் போலவே வளர்ந்துகொண்டிருந்தது. இடமில்லாததால் கசக்கிய துணி மாதிரி மடிந்துபோய்க் கிடந்தது. கண் உருண்டையாக இருப்பதற்குக் காரணம், பலூன் உருண்டையாக இருப்பதற்கு என்ன காரணமோ அதேதான். 1977-இல் கருவின் மூளைக்குள் தேங்கும் நீரை இப்படி வடித்துப் பார்த்தார்கள். மூளையின் அளவு மட்டுமல்ல, செல்களின் எண்ணிக்கையே வெகுவாகக் குறைந்துபோனது. அழுத்தம் செல்லை விரிக்கிறது, விரிந்த செல் 'இன்னும் பெருகு' என்று எடுத்துக்கொள்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். எலும்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், குடலிலேயே நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கோழிக்கரு நாலாம் நாள் வாக்கிலேயே அசையத் தொடங்கும். மருந்து கொடுத்து அசைவை நிறுத்திப் பார்த்தார்கள். முழங்காலிலும் மற்ற மூட்டுகளிலும் இடைவெளி உண்டாகவில்லை, எலும்போடு எலும்பு ஒட்டிப்போயிற்று. மூட்டு உண்டாக வேண்டுமானால் அது மடங்கி நிமிர்ந்து பழக வேண்டும், முட்டைக்குள் இருக்கும்போதே.

நுரையீரலும் அப்படித்தான். கருவின் நுரையீரல் தானே ஒரு திரவத்தைச் சுரந்து, குரல்நாண் அதைத் தேக்கிப் பிடித்து, அந்த அழுத்தத்தில்தான் விரிந்து வளர்கிறது. "ஸ்கேனில் தண்ணி கம்மின்னு சொன்னாங்க" என்று தாய்மார்கள் கவலையோடு வருகிறார்களே, டாக்டர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இதுவும்தான். கருப்பைக்குள் இருக்கும் நீர் ரொம்ப நாள் மிகவும் குறைந்திருந்தால் நுரையீரல் திரவமும் தேங்காமல் வெளியேறிவிடும், நுரையீரல் சின்னதாகிவிடும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசையில் ஓட்டை விழுந்து, குடல் மார்புக்குள் ஏறி, நுரையீரலை நசுக்கும் குறை ஒன்று உண்டு. அதற்குக் கருவில் இருக்கும் குழந்தையின் மூச்சுக்குழாயிலேயே ஒரு சின்ன பலூனை வைத்து அடைக்கிறார்கள். 27-லிருந்து 29-ஆம் வாரத்துக்குள் வைத்து, 34-ஆம் வாரம் வாக்கில் எடுத்துவிடுவார்கள். திரவம் வெளியேற வழியில்லாமல் நுரையீரலை உள்ளிருந்து விரிக்கும். இடப்பக்கம் கடுமையான குறை இருந்த குழந்தைகளில் செய்து பார்த்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பலூன் வைக்காதவர்களில் 15 விழுக்காடு குழந்தைகள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள், வைத்தவர்களில் 40 விழுக்காடு. குறைமாதத்தில் பிறந்துவிடும் ஆபத்து இதனால் கூடுகிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதயம் வலப்பக்கம் வளைவதைப் பற்றியும், தோலில் இறகு முளைப்பதைப் பற்றியும் எழுதி வைத்த தாள் கையிலேயே இருக்கிறது. விளக்கு சிவப்பாகிவிட்டது. வணக்கமுங்க.